உள்ளே குடியிருந்த காய்ச்சல்

அந்த வருஷம் வெயில் தணியத் தொடங்கினாலே பாலம்மாளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆட்டை ஓட்டிக்கொண்டு கரிசல் காட்டில் நிற்கிற மற்றவர்களுக்கு அது கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். அவளுக்கு அது காய்ச்சல் வருகிற நேரம். முதலில் முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடும். வெயில் இன்னும் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பல் கிட்டிக்கும். வீடு வந்து சேர்வதற்குள் மேலெல்லாம் கொதிக்கும். பிறகு வேர்க்கும். சேலை, ரவிக்கை, விரித்திருக்கிற சாக்கு எல்லாம் நனைந்து போகிற வேர்வை. அந்த வேர்வையில் மழையில் மக்கின சோளத்தட்டை மாதிரி ஒரு வாடை அடித்தது. தன் உடம்பிலிருந்து அப்படி ஒரு வாடை வருவதை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

புதூருக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற சின்ன ஊர் அவளுடையது. புருஷன் தவசி பம்பாயில் ஒரு இட்லிக் கடையில் வேலை பார்த்தான். பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ வந்து போவான். மகள் விஜி ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டை நடத்தியது ஒரு பட்டி ஆடு. பாலம்மாளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வாட்டசாட்டமான உடம்பு. காலையில் கிளம்பினால் பொழுது அடையும்வரை நடப்பாள். காட்டில் பசி எடுத்தால் ஆட்டு மடியிலிருந்தே பாலைப் பீய்ச்சி, அந்த இளஞ்சூட்டோடு குடித்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் பக்கம் மழை சுத்தமாகப் பொய்த்தது. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் கோடையில் ஒரு சினை ஆட்டைச் சந்தையில் மலிவாக வாங்கி வந்து பட்டியில் சேர்த்திருந்தாள். நல்ல செவலை நிறம், பெருத்த மடி. வந்த சில நாளிலேயே அது குட்டி வீசிவிட்டது. மாதம் நிரம்பாத குட்டி, செத்தே விழுந்தது. தீவனம் இல்லாத காலம், அதனால்தான் என்று நினைத்தாள். அடுத்து அவளுடைய சொந்த ஆடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீசத் தொடங்கின. ஒரு ஆட்டுக்குக் குட்டி பாதியில் மாட்டிக்கொண்டது. பாலம்மாள் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, குட்டியையும் நஞ்சுக்கொடியையும் இழுத்து எடுத்தாள். கையில் உடைமுள் கீறின காயங்கள் எப்போதும் இருக்கும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள். ஆடு வளர்க்கிற வீட்டில் அதெல்லாம் யாரும் யோசித்துச் செய்கிற வேலை இல்லை.

சோளம் விதைக்கிற பருவம் மழையில்லாமலே கடந்துபோனபோது காய்ச்சல் வந்தது.

மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கித் தின்றாள். நின்றது. திரும்ப வந்தது. ஒரு வாரம் அடித்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி விலகிப் போகும். ஆள் கொஞ்சம் தெளிந்து, கஞ்சி குடித்து, ஆட்டை அவிழ்க்கக் கிளம்புகிற நாளில் மறுபடியும் முதுகில் அந்தக் குளிர் ஓடும். கோவில்பட்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் டைபாய்டாக இருக்கும் என்று ஊசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஒரு மாதம் நன்றாக இருந்தாள். காய்ச்சல் ஒழிந்தது என்று அம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். அதற்கப்புறம் வந்தபோது அது இடுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ரவிக்கை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு உடம்பு உருகிப் போயிருந்தது.

ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷங்களில் ரோட்டோரச் சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரில் லாரி ஓட்டின ஒருவன் இப்படித்தான் மாதக்கணக்கில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாகி இறந்தான். அவன் பெண்டாட்டியும் பின்னாலேயே போனாள். அவளைத் தூக்க ஆள் வரவில்லை என்று எல்லா ஊரிலும் பேசிக்கொண்டார்கள். தவசி இருப்பது பம்பாய். வேறு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடிபம்புக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார்கள். முதலில் முடியாதவள் என்று இரக்கப்பட்டு விடுகிறார்கள் என்றுதான் பாலம்மாள் நினைத்தாள். அடுத்த வீட்டில் தவசியின் தங்கை செண்பகவல்லி இருந்தாள். அவள் கைக்குழந்தை பாலம்மாளின் மடியில்தான் வளர்ந்தது. ஒருநாள் அது தவழ்ந்து வந்து மடியில் ஏறியது. செண்பகவல்லி ஓடி வந்து வெடுக்கென்று தூக்கினாள்.

"அவ தூங்குத நேரம் மயினி," என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பதானட்டி முழிச்சா."

"இல்ல மயினி. சும்மா நச்சரிப்பா. நீங்க மேலுக்கு முடியாம இருக்கீய."

தூக்கின பிள்ளையின் கையைச் செண்பகவல்லி வாசலில் வைத்தே சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பாலம்மாள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊர் என்ன நினைக்கிறது என்பதைவிட, அது உண்மையாக இருந்துவிட்டால் என்ற நினைப்புதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவசி பலசரக்குக் கடைக்குப் போன் பண்ணுவான். அந்த ஞாயிறு போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"என்ன, பேச மாட்டேங்கே?" என்றான் தவசி.

"காய்ச்சல் விட மாட்டேங்கு."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"அவருக்குத் தெரியல. ஊருல ஒண்ணு சொல்லுதாவ."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என்ன சொல்லுதாவ என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாரோ அவனுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்பப் பாத்துக்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்த மௌனத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பயமாகத்தான் இருந்தது. விஜிக்கு அன்றிலிருந்து தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். பிள்ளை ஏன் என்று கேட்டபோது, "பெரிய பிள்ள ஆயிட்டல்லா," என்று சொல்லி வைத்தாள்.

கோவில்பட்டியில் கறிக்கடை வைத்திருந்த ஜாபர் அலி, பல வருஷமாக அவளிடம் கிடா வாங்குகிறவர். தன் மினி வேனில் அவரே வந்து பார்த்து ஏற்றிக்கொண்டு போவார். அப்படி வந்த ஒரு காலையில் பாலம்மாள் பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் நிற்பதைப் பார்த்தார்.

"என்ன தாயி, பாதி ஆளாப் போயிட்ட?"

"கிட்ட வராதீங்க பாய்," என்றாள். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

ஜாபர் அலி அன்று கிடாவை ஏற்றவில்லை. அவளை வேனில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போய், தன் மனைவி தௌலத் பேகத்திடம் விட்டார். வீட்டுக்குள் நுழையவே பாலம்மாள் கூசினாள். தௌலத் பேகம் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சோறு போட்டு, எதிரே உட்கார்ந்து, என்ன என்று கேட்டாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பாலம்மாளுக்கு அப்போது உடைந்து வந்தது.

"எனக்கு அதுவா இருந்தா என்னக்கா செய்வேன்? எம்பிள்ளய யாரு பாப்பா?"

"அதுதானான்னு மொதல்ல பாத்துருவோம். தெரியாம இப்படிப் பயந்து சாகுதியே," என்றாள் தௌலத் பேகம். "நானும் கூட வாரேன்."

அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்கிறவரை வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது பாலம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புவலியா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. தௌலத் பேகம் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அங்கிருந்த பெண் கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு அந்த நோய் இல்லம்மா," என்றாள். பாலம்மாள் திரும்பச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பச் சொன்னாள்.

வெளியே வந்து வாய்விட்டு அழுதாள். தௌலத் பேகம் டீ வாங்கிக் கொடுத்தாள். டீயைக் குடித்து முடிக்கிற நேரத்தில் வெயில் தணிந்தது. முதுகில் அந்தக் குளிர் ஓடியது.

அதுதான் அவளுக்கு ரொம்பவும் பயங்கரமாக இருந்தது. இதுவரை பயப்படுவதற்கு ஒரு பேராவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காச நோயா என்று சளியைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இல்லை. பிறகு திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பட்டியை ஜாபர் அலியின் கடைப் பையனிடமும் விஜியைத் தௌலத் பேகத்திடமும் விட்டுவிட்டு, ஜாபர் அலியின் வேனிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே ஐஸ்வர்யா என்று ஒரு இளவயது டாக்டர். மற்ற டாக்டர்கள் எல்லாரும் வயிற்றை அமுக்கினார்கள், நாக்கைப் பார்த்தார்கள். இவள் மண்ணீரல் வீங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படுக்கையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"ஆடு மேய்க்கேன்."

"பால் காய்ச்சித்தான் குடிப்பீங்களா?"

"காட்டுல எங்க காய்ச்ச? அப்படியேதான்."

"ஆடு எதுவும் குட்டி வீசிச்சா?"

பாலம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை. தன் காய்ச்சலுக்கும் ஆட்டின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்?

ரத்தத்தைத் தனியாக எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாளாகியது. வந்த அன்று ஐஸ்வர்யா மறுபடியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புருசெல்லா என்று ஒரு கிருமி என்றாள். ஆட்டுக்கு வந்தால் குட்டி வீசும், மற்றபடி ஆடு நன்றாக மேயும். வீசின குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் அது கோடிக்கணக்கில் இருக்கும். கைக்காயம் வழியாகவும் பச்சைப்பால் வழியாகவும் மனுஷருக்கு வரும்.

"ஊசி போட்டேனே டாக்டரம்மா. போயிருச்சே. பொறவு எப்படி வந்துச்சு?"

"போகலம்மா. ஒளிஞ்சிருந்துச்சு." ஐஸ்வர்யா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "நம்ம ரத்தத்துல காவல் அணுக்கள் இருக்கு. வெளியேருந்து கிருமி எது வந்தாலும் அதுங்க முழுங்கிரும். முழுங்கின கிருமி ஒரு சின்னப் பைக்குள்ள கிடக்கும். அணுவுக்குள்ளேயே எரிக்கிற அமிலம் நிறைஞ்ச இன்னொரு பை உண்டு. ரெண்டு பையும் சேர்ந்தா கிருமி கரைஞ்சு செத்துப் போகும். சாதாரணமா அப்படித்தான் நடக்கும்."

"இது சாகாதா?"

"இதுல கொஞ்சம் சாகும். தப்பிச்சது என்ன செய்யும்னா, தான் இருக்கிற பையோட அந்த அமிலப் பை முழுசாச் சேரவிடாம பண்ணிரும். அப்புறம் நகர்ந்து போய், அந்த அணு தனக்கு வேணுங்கிறதைத் தயார் பண்ணிக்கிற இடத்துல உக்காந்துக்கும். அங்கேயே தின்னு, அங்கேயே பெருகும். வெளியேருந்து பாத்தா அந்த அணு மத்த அணு மாதிரிதான் இருக்கும். அதனால உடம்புக்கு அடையாளம் தெரியாது. பல மருந்து அந்த அணுவுக்குள்ள நுழையவே நுழையாது. ரத்தத்துல இருக்கிறதைக் கொல்லும், காய்ச்சல் விட்டுரும். உள்ள இருக்கிறது காத்திருந்து மறுபடி வெளியே வரும்."

பாலம்மாள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எம் ஒடம்புதான் அதுக்குச் சோறு போடுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் ஐஸ்வர்யா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஆனா இதுக்கு உள்ள நுழையிற மருந்து இருக்கு. ஊசியும் மாத்திரையும் சேர்த்து ஒன்றரை மாசம். ஒரு வாரத்துல காய்ச்சல் விட்டுரும். விட்டதும் நிறுத்திராதீங்க. அதுதான் ஆபத்து."

அதை நம்புவதற்குப் பாலம்மாளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆண்கள் வார்டில், குளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், சாமித்துரை என்று பேர், அதே நோயோடு படுத்திருந்தார். செம்மறி மேய்க்கிறவர். போன வருஷம் இதே மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும், ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் ஆள் இல்லையே என்று பாதியில் கிளம்பிப் போய்விட்டார். இப்போது அது முதுகெலும்பில் இறங்கியிருந்தது. அவர் மனைவி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, அவர் தலையணைத் துணியை வாயில் கடித்துக்கொள்வார். பாலம்மாள் வராந்தாவிலிருந்து அதைப் பார்த்தாள். ஒருமுறை பார்த்தது போதும் என்று அந்தப் பக்கம் போகவே இல்லை.

மருந்து ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் நின்றது. அவள் சந்தோஷப்படவில்லை. விளக்குப் போடவும் நேர்ந்துகொள்ளவில்லை. காய்ச்சல் இல்லாத உடம்பைத்தான் இப்போது அவள் நம்பவில்லை. அமைதியாக இருக்கிற ஒவ்வொரு நாளும், உள்ளே எங்கோ அது உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தாள். மாத்திரை வயிற்றைப் புரட்டியது. வாந்தி எடுத்துவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் கேட்கப் பயந்த கேள்வியை டாக்டரே கேட்டாள். "வீட்டுல வேற யாரும் ஆட்டோட புழங்குறாங்களா?"

விஜிக்கு ஆட்டுப்பால் வாடையே பிடிக்காது. ஆனால் உயிரோடு பிறந்த குட்டிகளையெல்லாம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவள். தௌலத் பேகம் கூட்டி வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றிப் பாலம்மாள் பின்னாலும் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தேனே, குட்டிகளிடமிருந்து விலக்கி வைக்கவில்லையே என்று மட்டும் தௌலத் பேகத்திடம் சொல்லிச் சொல்லி அழுதாள். விஜியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சோற்றை ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள்.

அந்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து அவளே தவசிக்குப் போன் போட்டாள். எய்ட்ஸ் இல்லை, ஆட்டிலிருந்து வந்த காய்ச்சல் என்றாள்.

தவசி அழுகிற சத்தம் கேட்டது. "நானும் பாத்துட்டேன் பாலம்மா. இங்கன ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்தேன். எனக்கும் இல்ல."

நீ எதுக்குப் பார்க்க வேண்டியிருந்தது என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டாள். கடைசிவரை கேட்கவில்லை.

தவசி அடுத்து ஆட்டைப் பற்றிப் பேசினான். "விசயம் வெளிய தெரியுததுக்குள்ள எல்லாத்தையும் சந்தைக்கு ஓட்டிரு. பாத்தா நல்ல ஆடுதான. யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் வாங்கினேனே, அந்தச் செவலை. அதையும் இப்படித்தான் ஒருத்தன் ஓட்டியாந்திருக்கான்," என்றாள் பாலம்மாள்.

"நாம என்ன செய்ய முடியும்? அதான நம்ம பொழப்பு."

அவளுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் சந்தையில் கயிறு மாற்றிக் கொடுப்பதை நினைத்தாலே, எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி மண்டியிட்டுக் கையை உள்ளே விடுவதுதான் கண் முன்னால் வந்தது. அவளுக்குத் தனித் தட்டு வைப்பார்கள். அவள் மடியிலிருந்து பிள்ளையை யாரோ வெடுக்கென்று தூக்குவார்கள். பாலம்மாள் தர்மம் பார்க்கிறவள் என்று பேர் எடுத்தவள் இல்லை. அளவில் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துப் பால் ஊற்றினவள்தான். இதை மட்டும் செய்யப் பயந்தாள்.

மீதி மருந்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போக வந்த ஜாபர் அலியிடம் முதலில் சொன்னாள். "எங்கிட்ட இனி வாங்காதீங்க பாய். டாக்டரம்மா சொல்லுதாவ, வெந்த கறியில ஒண்ணும் இல்லியாம். அறுக்கிற கைக்குத்தான் ஆபத்தாம்."

ஜாபர் அலி வேன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரெண்டு வருஷமாக இடுப்புவலி. சாயங்காலமானால் லேசாக மேல் சுடும். வயசாகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கறிக்கடைக்காரருக்கு ஆட்டு நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் கடை வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். அதனால் பரிசோதனைக்குப் போக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தௌலத் பேகம்தான் விடவில்லை.

"பாலம்மாவ ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போனேன்லா. இப்ப உங்களக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். "தெரியாம பயந்து கிடக்கது எப்படின்னு நான் பக்கத்துலேருந்து பாத்தவ."

அவருக்கும் இருந்தது. எத்தனை வருஷமாக, எந்த ஆட்டிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மருந்து கேட்டது. ஆனால் அரித்துப்போன இடுப்பு மூட்டு பழையபடி ஆகவில்லை. அதன் பிறகு அவர் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கடையை விடவில்லை. அறுக்கிற வேலைக்குக் கையுறையும் பூட்ஸும் போடாமல் யாரையும் விடமாட்டார்.

புதூரிலிருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டர் லிங்கராஜ் வந்து பட்டியிலிருந்த ஆட்டுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார். பாதிக்கு மேல் நோய் இருந்தது. அந்த ஆடுகளைக் கொன்று புதைத்துவிடுவதுதான் வழி என்றார். "கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஈடு வாங்கித் தரவும் வழி இல்ல. நீயாச் செஞ்சாத்தான் உண்டு," என்றார்.

ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் குழி தோண்டினார்கள். ஜாபர் அலி கடை ஆட்களை அனுப்பினார். வெயில் உச்சிக்கு வந்த நேரம். ஆடுகள் மேய்ச்சலுக்குத்தான் ஓட்டிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தன. செவலை முன்னால் வந்தது. அதன் முகத்தில் ஒரு நோவும் இல்லை. கண் தெளிவாக இருந்தது, அசை போட்டுக்கொண்டிருந்தது. பார்க்கிறதுக்கு இவ்வளவு நன்றாக இருப்பதற்குள்ளே அது இருக்கிறது என்பதுதான் பாலம்மாளுக்குத் தாங்க முடியாத பயமாக இருந்தது. திரும்பிக்கொண்டு நின்றாள். சத்தம் முடிந்து, சுண்ணாம்பு கொட்டி, மண் தள்ளுகிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. விஜி பள்ளிக்கூடம் விட்டு வந்து பாதிப் பட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஊரில் கொஞ்ச நாள் அவளைக் கிறுக்கச்சி என்றார்கள். ஆட்டிலிருந்து காய்ச்சல் வரும் என்பதை முதலில் யாரும் ஒப்பவில்லை. லிங்கராஜ் மற்ற வீட்டு ஆடுகளுக்கும் ரத்தம் எடுத்து, இன்னொரு வீட்டிலும் நோய் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது. செண்பகவல்லி ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாலம்மாள் மடியில் உட்கார வைத்தாள். குழந்தையைத் தொடுவதற்குப் பாலம்மாளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒன்றரை மாத மருந்து முடிந்தது. கடைசியாகப் பார்த்தபோது ஐஸ்வர்யாவிடம் கேட்டாள். "எல்லாம் செத்துருச்சா டாக்டரம்மா?"

"செத்திருக்கும்னு நம்புறோம். உள்ள போய்ப் பாக்க முடியாதும்மா. ரெண்டு வருஷம் வராம இருந்தா, இல்லன்னு வச்சுக்கலாம்."

அந்த ரெண்டு வருஷத்தை அவள் ஒரு மாதிரி ஓட்டினாள். மிஞ்சின ஆடுகளை வைத்துப் பட்டியை மெல்லத் தேற்றினாள். குட்டி எடுக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாள். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாள். தலைவலி வந்தாலும், இடுப்பு பிடித்தாலும், வெயிலில் நின்று உடம்பு சுட்டாலும், உள்ளேயிருந்து அது கிளம்பிவிட்டது என்று உட்கார்ந்துவிடுவாள். கழுத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்லி விஜியைக் கூப்பிடுவாள். "ஒண்ணுமில்லம்மா, சில்லுன்னுதான் இருக்கு," என்று விஜி சலித்துக்கொள்வாள். டாக்டர் சொன்ன கெடு தாண்டியது. பயம் தாண்டவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு சாயங்காலம் அது வந்தது. குளிர், கொதிக்கிற காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி. விரலை மடக்க முடியவில்லை. பாலம்மாள் படுத்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் பெட்டியில் ரெண்டு சேலையை எடுத்து வைத்தாள். விஜியைச் செண்பகவல்லி வீட்டில் இருக்கச் சொன்னாள். சாமித்துரையின் முதுகெலும்பு நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் கோவில்பட்டி போகிற வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. வாசலில், வராந்தாவில், மரத்தடியில் எல்லாம் ஆட்கள். எல்லாரும் கை கால் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாலம்மாளின் முறை வந்தபோது ஆட்டுக் காய்ச்சல் கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"இது சிக்குன்குனியாம்மா. கொசுவால வருது. ஊரே இதோடதான் உக்காந்திருக்கு."

"அது இல்லியா?"

"சந்தேகமா இருந்தா ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து வந்த முடிவிலும் புருசெல்லா இல்லை. ஆனால் அன்றைக்கே அவள் வெளியே வந்து வரிசையைப் பார்த்தாள். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகிறவர்கள், மாடிப்படி ஏற முடியாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள், வலியில் முனகுகிற பெரியவர்கள். எல்லாருக்கும் அவளுக்கு இருக்கிற அதே காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தன் முழங்காலைக் காட்டி, "ஒனக்கும் இங்கனதானா தாயி?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. மூட்டு பூரா," என்றாள் பாலம்மாள். வலியோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் வந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு, மாத்திரை வாங்குகிற வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.